ருட்னிச்காவின் சுத்தியல்கள்

ருட்னிச்கா
11 பிப்ரவரி 1996

கமிலாவுக்கு,

உன் முகவரியை ஊராட்சித் தலைவர் வெண்டெலீன்தான் கொடுத்தார். நானாகத் தேடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மாடூஷ் இறந்து அடுத்த வருடம் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரைவிட்டுப் போனாய். அதன் பிறகு இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். மருமகளே என்று எழுதுவதா, என் மகனுக்கு மனைவியாக இருந்தவளே என்று எழுதுவதா என்று புரியாமல் வெறும் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஊருக்கு ஒரு சின்னம் வேண்டுமாம். சுற்று வட்டார ஊர்களெல்லாம் கேடயச் சின்னமும் கொடியும் வாங்கிவிட்டன. நம் மன்றக் கதவில் மட்டும், பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் நட்சத்திரத்தைப் பிடுங்கிய ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. மன்றத்தில் இப்போது நானும் உறுப்பினர். சிரிக்காதே. கூட்டத்துக்குக் குடிக்காமல் வருகிறவர்கள் யார் என்று பார்த்தார்கள், நான் அகப்பட்டேன்.

போன செவ்வாய் இதைப் பேசினோம். கறிக்கடைக்காரர் பன்றி வேண்டும் என்றார். தீயணைப்புப் படைக்காரர் குழாயும் தலைக்கவசமும் போடச் சொன்னார். பாதிரியார் சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பரா, பள்ளி ஆசிரியை லிண்டன் மரம், யாரோ ஒருவர் ஓடையும் பாலமும். வெண்டெலீன் மேஜையைத் தட்டினார்.

"கேடயம்யா அது. மளிகைக் கடைப் பை இல்ல. நம்ம ஊருக்கு சுத்தியலை விட்டா வேற என்ன இருக்கு? ரெண்டு சுத்தியல், குறுக்கும் நெடுக்குமா. முடிஞ்சுது."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிராட்டிஸ்லாவாவில் நீ ஊர்களுக்குச் சின்னம் வரைந்து கொடுக்கிறாய் என்று ஆசிரியை பத்திரிகையில் படித்திருக்கிறாள். "கமிலா நம்ம வீட்டுப் பொண்ணுதானே, மார்கிடாவே எழுதட்டும்" என்றார் வெண்டெலீன்.

ஊருக்காக எழுதியாயிற்று. எனக்காக ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுத்தியல் வேண்டாம். மரம் போடு, மான் போடு, பன்றியே போட்டாலும் சரி.

பெண் சுகமா? பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை.

மார்கிடா ஷிம்கோவா


பிராட்டிஸ்லாவா
3 மார்ச் 1996

மதிப்பிற்குரிய திருமதி ஷிம்கோவா அவர்களுக்கு,

ருட்னிச்கா ஊராட்சியின் வேலையை ஏற்றுக்கொள்கிறேன். தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சின்னத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. எழுத்து கூடாது, இயற்கைக் காட்சி கூடாது. நிறங்கள் சிலவே உண்டு. பொன்னின் மேல் வெள்ளி வராது, பச்சையின் மேல் கறுப்பு வராது. உலோகம் என்றால் நிறத்தின் மேல், நிறம் என்றால் உலோகத்தின் மேல். தூரத்திலிருந்து பார்க்கிறவன், அதுவும் மழையில் நின்று பார்க்கிறவன், இது எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும். கேடயம் பிறந்ததே அதற்காகத்தான். தீயணைப்புக் குழாயை மழையில் பார்த்தால் பாம்பு என்பார்கள்.

இன்னொரு விதி முக்கியமானது. ஊருக்குப் பழைய முத்திரை ஏதாவது இருந்தால் புதுச் சின்னம் அதிலிருந்துதான் வர வேண்டும். இங்கே அனுமதி கொடுக்கும் குழு முதலில் அதைத்தான் கேட்கும். ஆகவே ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனுவின் அடியில் ருட்னிச்காவின் அரக்கு முத்திரை கிடைத்தது. ஓரம் உடைந்திருக்கிறது, நடுப்பகுதி தெளிவாக இருக்கிறது.

இரண்டு சுத்தியல்கள். குறுக்கும் நெடுக்குமாக. வேறு எதுவும் இல்லை.

மானையோ மரத்தையோ நான் வரைந்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் வேண்டுகோளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வருந்துகிறேன்.

யூலியாவுக்குப் பதினாறு வயதாகிறது. என் தோளைத் தாண்டிவிட்டாள்.

கமிலா


ருட்னிச்கா
17 மார்ச் 1996

கமிலா,

முத்திரையாம், விதியாம், குழுவாம். எவ்வளவு அழகாக எழுதுகிறாய்.

அந்தச் சுத்தியல்களை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? நீயும்தான் பார்த்தாய், என் பக்கத்தில்தானே நின்றாய். சவப்பெட்டியின் மூடிமேல் பித்தளையில் அடித்திருந்தார்கள். உள்ளே இருக்கிறவனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாம் அந்தச் சுத்தியல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாத்தியக்காரர்கள் வாசித்து முடிக்கும்வரை எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

சுரங்கத்தை மூடிப் பல வருடமாகிறது. இறங்கு கூண்டின் வாயில் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அதையும் தோண்டி எடுத்துக் கதவில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம் இவர்களுக்கு. நான் தினமும் ரொட்டி வாங்கப் போகும் வழியில் அந்தக் கதவு இருக்கிறது.

உனக்குக் கை நடுங்காது, வரைந்துவிடுவாய். உனக்கு இங்கே என்ன இருக்கிறது? இடுகாட்டில் மண் காய்வதற்குள் பெட்டியைக் கட்டியவள் நீ. அதற்கு அடுத்த வருடம் வேறொருவன் பெயரை உன் பெயரோடு சேர்த்துக்கொண்டாய், குழந்தையின் பெயரோடும். பஸ் ஏறும்போது குழந்தையை என் கையில் ஒரு முறை கொடுத்திருக்கலாம். தூங்குகிறாள் என்றாய். அவள் தூங்கவில்லை, நான் பார்த்தேன்.

வரை. உன் விருப்பம்.

மார்கிடா


பிராட்டிஸ்லாவா
24 மார்ச் 1996

திருமதி ஷிம்கோவா,

இதை எழுதி முடித்தவுடனே தபாலில் போட்டுவிடுவேன். நாளை காலை படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன்.

நான் ஏன் போனேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மாடூஷ் போன பிறகும் அவனுக்கு மேஜையில் தட்டு வைத்தீர்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் வைத்தீர்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அப்பா வருவாரு, அப்பாவுக்கு ரொட்டி எடுத்து வை" என்றீர்கள். அவள் எடுத்து வைத்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் ஓடுவாள். தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் ஓடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. பஸ் ஏறும்போது குழந்தையைக் கொடுத்திருந்தால் நீங்கள் திருப்பித் தந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பயத்தில்தான் தூங்குகிறாள் என்றேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். மார்ட்டின் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. நான்தான் அலைந்து விசாரித்து ஏற்பாடு செய்தேன். வீடும் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனிடம் கெஞ்சினேன். "போலாம் மாடூஷ், வெளிச்சத்துல வேலை செய்யலாம்" என்றேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது கமிலா? நான் போனா அது செத்துப் போயிடும்."

ஏப்ரலில் சுரங்கக் கூரை சரிந்தது.

இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் வராமலும் இருந்தேன்.

கமிலா


ருட்னிச்கா
9 ஜூன் 1996

கமிலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. முதலில் அதை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்து படுத்தேன். படுக்கையில் கிடந்தபடி திரும்பத் திரும்ப ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ட்டின் வேலையைப் பற்றி எனக்கும் தெரியும். அவனே சொன்னான். அப்போது தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். நான் அவனிடம், "போடா. என்னைப் பத்திக் கவலைப்படாதே. உங்க அப்பனையும் இந்தக் குழிதான் இருமவெச்சே கொன்னுது. நீயாவது போ" என்றேன். கடவுள் அறிய நான் சொன்னது இதுதான். அவன் மண்ணைத் தட்டிக்கொண்டே என்ன சொன்னான் தெரியுமா?

"எனக்கு ஆசைதாம்மா. கமிலாதான் மாட்டேங்குறா. இப்பத்தான் புது சமையலறை போட்டிருக்கோம், இதை விட்டுட்டு வரமாட்டேன்னு அடம் பிடிக்குறா."

அந்தச் சமையலறையை நான் எப்படி வெறுத்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஊரைவிட்டுப் போன அன்று அதன் அலமாரிக் கதவு ஒன்றைக் கோடாலியால் உடைத்தேன். ஒரு சமையலறைக்காக என் பிள்ளையை விழுங்கினவள் என்றுதான் இத்தனை வருடம் உன்னை நினைத்திருந்தேன்.

காய்ச்சல் விட்டதும் வெண்டெலீன் வீட்டுக்குப் போனேன். வேலிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ஒரே ஷிஃப்டில் அவனோடு இறங்கியவர் அவர்தானே.

"வெண்டெலீன், மாடூஷுக்கு வெளிய போயிடணும்னு எப்பவாவது ஆசை இருந்துதா?"

"யாருக்கு, மாடூஷுக்கா?" சிரித்துவிட்டார். "அவனை மேல இழுக்க எட்டுக் காளை வேணும் மார்கிடா. லீவு நாள்லயும் எதையாவது சாக்கு வெச்சு எறங்குவான். மேல காத்துல ருசியே இல்லம்பான். கூண்டு எறங்கும்போது பாட்டு வேற." அப்புறம் என் முகத்தைப் பார்த்துத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது, கமிலா. உனக்கும் தெரியாது. அவன் இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறான், கள்ளன். பழியை உன்னிடம் என் தலையிலும் என்னிடம் உன் தலையிலும் போட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான். நாம் இருவரும் அவன் போன பிறகு ஒரு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒருத்திகூட மற்றவளிடம் "நீதானே அவனைப் போகவிடலை?" என்று கேட்டுச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மரியாதைக்காரிகள்!

சுத்தியலையே வரை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

மார்கிடா


பிராட்டிஸ்லாவா
10 ஜூன் 1996

திருமதி ஷிம்கோவா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நியாயம்தான். அந்தக் கடிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. போனவனை வைத்து உங்களை அடித்தேன்.

இத்துடன் சின்னத்தின் மாதிரிப்படம் இருக்கிறது. சுத்தியல்களை எடுக்க முடியவில்லை. ஆனால் தலைகீழாக வரைந்திருக்கிறேன், இரும்பு கீழே, பிடி மேலே. சுரங்க வரைபடங்களில் வேலை நடக்கும் சுரங்கத்துக்கு நிமிர்ந்த சுத்தியலும், மூடிய சுரங்கத்துக்குத் தலைகீழ்ச் சுத்தியலும் போடுவார்கள். இனி அங்கே யாரும் இறங்க மாட்டார்கள் என்று அர்த்தம். குழுவில் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். நான் விடாமல் வாதாடினேன். கடைசியில், ஊர் மன்றம் ஒப்புக்கொண்டால் தடையில்லை என்றார்கள்.

முத்திரையில் நிறம் கிடையாது, அதனால் அது நம் இஷ்டம். சுரங்க ஊர் என்றால் எல்லோரும் கறுப்பில் பொன் வைப்பார்கள். நான் பச்சையில் வெள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் கறுப்பைப் போதுமான அளவு உடுத்திவிட்டீர்கள்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

கமிலா


பிராட்டிஸ்லாவா
14 ஜூன் 1996

அம்மா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். என் கணவர் ரஸ்டிஸ்லாவ் வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அப்புறம் இல்லை என்றேன். அவர் நல்ல மனிதர். என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனார்.

அந்தச் சமையலறை எனக்குப் பிடிக்கவே இல்லை அம்மா. ஆரஞ்சு நிறத்தில் அலமாரி. அவன் வாங்கிக்கொண்டு வந்தான், பாவம், ஆசையாகச் செய்கிறானே என்று பேசாமல் இருந்தேன்.

அவன்மேல் கோபப்பட முயல்கிறேன். முடியவில்லை. அவன் பொய் சொன்னதைவிட, நாம் இருவரும் அதை அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் உறுத்துகிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நினைக்க எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான்.

யூலியாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவளுக்கு நீங்கள் ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆள்.

கமிலா


ருட்னிச்கா
30 ஜூன் 1996

கமிலா,

படத்தை மன்றத்தில் வைத்தோம். வைக்காமலே இருந்திருக்கலாம்.

தலைகீழ்ச் சுத்தியலைப் பார்த்ததும் வெண்டெலீன் முகம் சிவந்துவிட்டது. "இது என்ன, செத்த ஊருன்னு நாமளே எழுதி ஒட்டிக்கிறதா? வர்றவன் போறவன் பாத்துச் சிரிக்கவா?" கறிக்கடைக்காரர், "ஆணி கழண்டு தொங்குதுன்னு நெனச்சுப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை மட்டும் அதுதான் உண்மை, அழகாகவும் இருக்கிறது என்றாள். அவளை உட்காரச் சொல்லிக் கத்தினார்கள்.

நான் எழுந்தேன். "அந்தப் பொண்ணு இதை எனக்காக இப்படி வரைஞ்சிருக்கா. நான்தான் சுத்தியலே வேண்டாம்னு அவகிட்ட கேட்டேன். இப்ப நானே சொல்றேன், நிமிர்த்தி வரையச் சொல்லலாம். என் பிள்ளை இஷ்டப்பட்டுத்தான் எறங்கினான். யாரும் அவனைத் தள்ளலை."

இதைச் சொல்லும்போது நான் அழவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. வெறுமனே களைப்பாக இருந்தது. இத்தனை வருடம் கோபத்தை ஊன்றுகோலாகப் பிடித்து நடந்திருக்கிறேன். அதைக் கீழே போட்டதும் கால் தள்ளாடுகிறது.

பச்சையை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒரு பேச்சும் எழவில்லை.

திருத்தி வரைந்து அனுப்பு. உன் முதல் படத்தை நான் திருப்பித் தரமாட்டேன், வீட்டில் வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் பார்பரா திருநாளன்று கொடியை மந்திரித்து ஏற்றுகிறார்கள். யூலியாவை அனுப்புவாயா? நீயும் வரலாம்.

மார்கிடா


பிராட்டிஸ்லாவா
20 அக்டோபர் 1996

அம்மா,

அனுமதி வந்துவிட்டது. பச்சைக் கேடயம், வெள்ளிச் சுத்தியல்கள் இரண்டு, நிமிர்ந்தபடி. ஒரிஜினலைத் தலைவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நிமிர்த்தி வரைய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கோடு ஒன்றும் கடினமில்லை.

யூலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? இதுக்கா ரெண்டு பேரும் பேசிக்கலை?" என்றாள். அந்த வயதில் அப்படித்தான் தெரியும். வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஸ்வோலென் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

நான் வரவில்லை. ரஸ்டிஸ்லாவ் தடுக்கவில்லை, கூட வருகிறேன் என்றுகூடச் சொன்னார். சுத்தியல் தலைகீழாகத் தொங்கியிருந்தால் அந்தக் கொடியின் கீழே நான் நின்றிருப்பேன். நிமிர்ந்து நிற்கும்போது என்னால் பார்க்க முடியாது. உங்களால் முடிகிறது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள்.

அவளுக்குக் கசகசா பிடிக்காது. ஆட்டுப்பால் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு ஹலுஷ்கி உருண்டை பிடிக்கும்.

கமிலா


ருட்னிச்கா
8 டிசம்பர் 1996

கமிலா,

பெண் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். திருவிழா நடந்ததைச் சொல்கிறேன்.

நல்ல பனி. பழைய சுரங்கக்காரர்கள் கறுப்பு உடுப்பும் தொப்பியில் இறகுமாக வரிசையாக நின்றார்கள். பாதிப் பேருக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை, வயிறு வந்துவிட்டது. பாதிரியார் தண்ணீர் தெளித்தார், வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், கொடி மேலே போயிற்று. உன் பச்சை அந்தப் பனிக்கு நடுவே எடுப்பாக இருந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் சுத்தியல் என்று தெரிகிறது. நான் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான், ஆனாலும் பார்த்தேன்.

யூலியா என் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு உயரம்! வெண்டெலீன் அவளைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல வந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஹலுஷ்கி செய்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல பெண், பாத்திரம் துடைத்தாள், எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். என்னை அத்தை என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் தெருவில் எந்தக் கிழவியையும் கூப்பிடுகிற அத்தை. "அத்தை, தட்டை எங்க வெக்கட்டும்? அத்தை, கதவைச் சாத்தட்டுமா?" ஒவ்வொரு முறையும் "என்னம்மா" என்று பதில் சொன்னேன். என்னைப் பாட்டி என்று கூப்பிடு என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? அவள் ஓடி வர வேண்டிய வயதில் நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்ட பிறகு கேட்டாள், "எங்கப்பா எப்படிப் பேசுவாரு அத்தை?" அவன் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது கமிலா, வார்த்தை தவறாமல். குரல் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "மெதுவாப் பேசுவான்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு வெண்டெலீனும் வந்தார். பஸ் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பி, "சரி, வர்றேன் அத்தை" என்றாள். நான் கையை ஆட்டினேன். அந்த அத்தை மறுபடி என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பஸ் திருப்பத்தில் மறைந்ததும் வெண்டெலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டியா மார்கிடா?"

"என்னத்தை?"

"'சரி'ன்னுட்டு ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் 'வர்றேன்'னா பாரு. அந்த இழுவை. கண்ணை மூடிட்டுக் கேட்டா அப்படியே மாடூஷ்தான்."

நான் கேட்கவில்லை, கமிலா. அவள் என் வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் பேசிக்கொண்டிருந்தாள். நான் அத்தை என்ற சொல்லை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கிடா